அலெகோக்காரியின் அலமாரி

எங்கள் தொழிற்பள்ளிக்கு யாரும் ஆசைப்பட்டு வந்ததில்லை. மற்ற பள்ளிக்கூடங்கள் கழுத்தைப் பிடித்துத் தள்ளிய பிள்ளைகள்தான் வந்து சேருவார்கள். விடுதிக்குத் தீ வைத்தவன், பரீட்சைத் தாளைக் கிழித்து வாத்தியார் முகத்தில் எறிந்தவன், வயிற்றில் பிள்ளையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவள், ஏரிக்கு மீன்பிடிக்கப் போய்ப் பள்ளிக்கூடம் இருக்கும் திசையையே மறந்தவன். இப்படி நாற்பத்திரண்டு பேர். இவர்களுக்கு மதியம் கிதேரி வேகவைத்துப் போடுவது என் வேலை. மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்ந்து வேக மூன்று மணி நேரம் பிடிக்கும். அந்த மூன்று மணி நேரமும் அடுப்படியிலிருந்து பார்த்தால் பட்டறை முழுவதும் தெரியும். அதனால் அங்கே நடந்ததில் எனக்குத் தெரியாதது என்று ஒன்றும் கிடையாது.

அமோலோ வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. என் பக்கத்து வளவுப் பிள்ளை. அப்பன் காய்ச்சலில் போன பிறகு மேல்நிலைப் பள்ளியிலிருந்து நான்கு முறை ஓடி வந்தாள். நான்காவது முறை, இனி அனுப்ப வேண்டாம் என்று கடிதமும் கூடவே வந்தது. எங்களிடம் வந்தும் முதல் ஒரு மாதம் மாமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தச்சு வாத்தியார் ஷிகுகு ககமேகா பக்கத்து ஆள், இருபத்தெட்டு வயது, எங்கள் லுவோ மொழியைக் கடித்துக் கடித்துப் பேசுவார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இவள் உட்காரும் பெஞ்சு ஆடுகிறது என்று அவள் ஒருநாள் சலித்துக்கொண்டபோது மட்டும் ரம்பத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் ஒரு காலை அறுத்தாள். பெஞ்சு மறுபக்கம் ஆடியது. அந்தக் காலையும் அறுத்தாள். மூன்று நாள் இப்படியே அறுத்து அறுத்து, கடைசியில் பெஞ்சு அசையாமல் நின்றபோது தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான் மிச்சம். பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்பன் செத்த பிறகு அந்தப் பிள்ளையின் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் காலையில் வாத்தியாருக்கு முன்னால் வந்து பட்டறை வாசலில் நின்றாள்.

அவள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் கட்டிக்கொண்டு வந்தவளைப் பிறந்த ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் அசெம்போக்காரி, அவள் அலெகோக்காரி. புருஷன் போய் மூன்று வருடம் ஆகியும் அவள் எந்தக் கொழுந்தனையும் ஏற்கவில்லை. செத்தவனின் தம்பிமாரில் ஒருவனைப் புருஷனாக ஏற்க வேண்டும் என்பது எங்கள் குல வழக்கம். ஏற்காத கைம்பெண்ணின் வளவில் யாரும் குழி தோண்டிக் கம்பு நடக்கூடாது, கூரை மாற்றக்கூடாது. பெற்ற பிள்ளையும் கூடாது. மீறினால் சிரா பிடிக்கும், சாப்பிடச் சாப்பிட உடம்பு உருகிப் போகும் என்பார்கள். நான் நம்புகிறேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் என் வீட்டுப் பிள்ளைகளை வைத்துச் சோதித்துப் பார்க்க மாட்டேன். அலெகோக்காரி நம்பினாள், அதுதான் முக்கியம். மூன்று வருடமாக அந்த மண்வீட்டின் துருப்பிடித்த தகரக் கூரை உட்கார்ந்துகொண்டே வந்தது. போன வருடப் பெருமழையில் அவள் படுத்துத் தூங்கியதே இல்லை. இருக்கிற பாத்திரத்தையெல்லாம் ஒழுகும் இடத்தில் வைத்துவிட்டு, நடுவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு குந்தியிருப்பாள்.

கொழுந்தன் ஒடின்டோவைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒருநாள் அவனே வந்து என் முன்னால்தான் பேசினான்.

"அண்ணி, எனக்கு மட்டும் ஆசையா? ரெண்டு பொண்டாட்டிக்கு நடுவுல நானே நனைஞ்ச கோழி மாதிரி திரியுறேன். குலத்துல என் பேரைச் சொல்லிட்டாங்க, என்ன பண்ண? என் கோட்டை உன் வீட்டு ஆணியில ஒரே ஒரு ராத்திரி மாட்டிக்க விடு, ஏத்துக்கிட்ட கணக்காயிடும். மறுநாளே ஆள் கூட்டிட்டு வந்து கூரை போட்டுத் தர்றேன்."

"இன்னிக்குக் கோட்டு வரும் கொழுந்தனாரே. நாளைக்குக் கோட்டுக்குள்ள ஆள் வரும்," என்றாள் அலெகோக்காரி. "ஒருத்தருக்கு ஆக்கிப் போட்டு முடிச்சாச்சு. நல்லவரு அவரு. எனக்கு அது போதும்."

இந்த வருடம் மார்ச் இரண்டாம் வாரமே மழை இறங்கியது. மூன்றாம் நாள் காலையில் நான் அடுப்பு மூட்டப் போனபோது, அமோலோ பட்டறைக் கிடங்கின் பின்பக்கத்திலிருந்து இரண்டு தகரத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். நான் பானைக்குள் பார்த்தேன். அன்று நான் சத்தம் போட்டிருந்தால் பாதித் தொல்லை வந்திருக்காது. ஆனால் நான் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தவள், எப்படிச் சத்தம் போடுவேன்.

அரை மணி நேரத்தில் சுத்தியல் சத்தம் ஊரைக் கூட்டிவிட்டது. அமோலோ கூரைமேல் உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். ஒடின்டோ வாயில் பல்துலக்கும் குச்சியோடு ஓடி வந்தான்.

"இறங்குடி கீழே. அப்பன் வீட்டுக் கூரைமேல பொட்டப்பிள்ள ஏறுறதை எங்கயாவது பாத்திருக்கியா?"

"மழை ஏறினப்ப ஒண்ணும் சொல்லலியே சித்தப்பா," என்றாள் அவள் மேலிருந்தே.

கூடி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அலெகோக்காரி சிரிக்கவில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டு, என் வயிற்றில் பிறந்ததற்கு இரக்கப்பட்டு இறங்கிவிடு என்று மகளைக் கெஞ்சினாள். மகள் இறங்கியதும் அந்தத் தகரங்களைத் தன் கையாலேயே கழியை வைத்து நெம்பித் தள்ளினாள். ஆணி இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஒழுகிய கூரை அன்றைக்குச் சல்லடையாகிவிட்டது.

தகரம் எங்கிருந்து வந்தது என்பது மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. முதல்வர் அம்மா அமோலோவை வெளியே அனுப்பக் கடிதமே எழுதிவிட்டார். ஷிகுகு போய் அரை மணி நேரம் வாதாடினார். பள்ளிக்கூடத்துத் தகரத்தை விற்று அவள் பாட்டில் வாங்கிக் குடிக்கவில்லை, கூரை போட்டிருக்கிறாள், நாம் சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தாள் என்றாராம். கடைசியில் முதல்வர் அம்மா இறங்கி வந்தார். ஏப்ரல் கடைசியில் வெளியிலிருந்து தேர்வாளர் வருவார், செய்முறைத் தேர்வில் தேறினால் இருக்கலாம், இல்லாவிட்டால் அன்றே கிளம்ப வேண்டும் என்றார்.

ஷிகுகு நல்ல மனுஷன். ஆனால் எங்கள் ஊர் விவகாரம் அவருக்குப் புரியவில்லை. மறுநாளே வகுப்பைக் கூட்டிக்கொண்டு போய், அம்மா, ஒரே நாளில் புதுவீடு போட்டுவிடுகிறோம், குழி எங்கே தோண்டட்டும் என்று கேட்டுவிட்டார். அலெகோக்காரி மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலி ஓரமாகப் போய் அழுதாள். மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்து என் அடுப்படியில் உட்கார்ந்தார். பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் ஆளுக்கொரு குவளை டீ ஊற்றினேன்.

அமோலோ குவளையைக் காலி பண்ணிக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சித்தி, போன பருவத்துல ஒடின்டோ சித்தப்பாவுக்கு நாம கோழிக்கூண்டு செஞ்சு கொடுத்தோமே. தூக்கிட்டுப் போய் வச்சோம்ல?"

"ஆமா, கூண்டுக்கு ரெண்டு கால் கோணல்னு இன்னிக்கும் சொல்லிட்டுத் திரியுறான்."

"அதுக்குக் குழி தோண்டினாங்களா? புதுவீட்டுக்கு மாதிரி சேவலும் கோடாலியும் எடுத்துட்டு யாராச்சும் முன்னால நடந்தாங்களா?"

"கோழிக்கூண்டுக்கு யாருடி சேவலோட நடப்பா? அது வீடா?"

"கோழிக்கு அது வீடுதானே," என்றாள்.

விடுதிக்குத் தீ வைத்த ஒயோகோதான் முதலில் எழுந்தான். எழுந்து சும்மா நின்றான். ஷிகுகு டீயைக் கீழே வைத்துவிட்டுக் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். அந்தப் பருவத் தேர்வுக்கு வகுப்பே சேர்ந்து ஆட்டுக்கொட்டகை ஒன்று செய்ய வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்தது. அதே மரம், அதே தகரம். கதவும் ஜன்னலும் கூரையும் உள்ள எதுவானாலும் தேர்வாளருக்குச் சம்மதம்தான். வளவில் ஒரு குழியும் தோண்டாமல், ஒரு கம்பும் நடாமல், ஒரு ஆணியும் அடிக்காமல், எல்லாவற்றையும் பட்டறை முற்றத்திலேயே முடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஆறு கல்லின்மேல் உட்கார வைப்பது. பேச்சு இதுதான்.

அலெகோக்காரியிடம் மகள் சொன்னபோது நானும் கூடப் போயிருந்தேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெரியவர் ஞாக்வாகா பார்த்து என்ன சொல்கிறாரோ அதுதான் என்றாள். ஞாக்வாகா எங்கள் குலத்துக்கு மூத்தவர். அவர் தப்பு என்று சொன்னால் அலெகோக்காரி அந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டாள், பூட்டிப் போட்டுவிட்டு ஓட்டைக் கூரைக்குக் கீழேயே கிடப்பாள். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

அடுத்த ஐந்து வாரம் பட்டறையில் நடந்ததுபோல் ஒரு வேலையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மணியடித்தால் ஓடுகிற பிள்ளைகள், மணியடித்த பிறகும் இழைத்துக்கொண்டிருந்தார்கள். மழை வந்தால் சைப்ரஸ் மரச்சட்டங்களைக் கட்டிப்பிடித்து உள்ளே தூக்கிக்கொண்டு போவார்கள், தங்கள் சட்டையைப் பற்றி நினைக்க மாட்டார்கள். பன்னிரண்டு அடி நீளம், ஏழடி அகலம். மரச்சட்டம், பலகைத் தரை, தகரச் சுவர். ஏழடி ஏன் என்றால் வளவு வாசல் எட்டடிதான். வேலியில் வேறு இடத்தில் வழி உடைத்து நுழைக்க முடியாது. வேலி உடைத்து உள்ளே போவது வெளியூரில் செத்தவர்களின் பிணம்தான். வாசலை அமோலோ தன் அம்மா இடுப்பில் சுற்றிக் கட்டும் லேசோத் துணியை வைத்து மூன்று தடவை அளந்துகொண்டு வந்தாள்.

முதல் கதவு தொங்கியது. கழற்றினாள். இரண்டாவது கதவு மூடவில்லை. அதையும் கழற்றினாள். பரீட்சைத் தாளைக் கிழித்தவன், போதும், சாக்கைத் தொங்கவிடு என்றான். "உன் அம்மாவுக்குத் தொங்கவிடு," என்று சொல்லிவிட்டு மூன்றாவதற்குச் சட்டம் அறுக்கத் தொடங்கினாள். திருடின இரண்டு தகரத்தையும் ஆணி ஓட்டையை அடைத்துப் பின்சுவரில் போட்டார்கள். கூரை கடைசி வாரம்தான் ஏறியது. சுவரில் சாரல் படாமலிருக்க இருபுறமும் கூரை ஓரடி இறவாணமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றார் ஷிகுகு. நல்ல யோசனை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான்கூட.

வியாழக்கிழமை தேர்வாளர் வந்தார். குட்டையான, சிரிக்காத மனிதர். சுவரைத் தட்டினார், மூலையில் தோளைக் கொடுத்துத் தள்ளினார், ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் ஊற்றச் சொல்லி உள்ளே போய் நின்றார். வெளியே வந்து கதவை ஒற்றை விரலால் தள்ளினார். அது சத்தமில்லாமல் போய்ச் சட்டத்தில் உட்கார்ந்தது. இதை யார் செய்தது என்று கேட்டார். அமோலோ கையைத் தூக்கினாள். எத்தனையாவது கதவு என்றார். மூன்றாவது என்றாள். தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். முதல்வர் அம்மா அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, கடிதத்தைத் தானே கிழித்துக் குப்பையில் போட்டார்.

சனிக்கிழமை காலை தூக்கினார்கள். ஐந்து யூக்கலிப்டஸ் கம்பை முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும்படி அடியில் நீளவாக்கில் கொடுத்து, பள்ளிக்கூடத்து நாற்பத்திரண்டு பேரும் ஷிகுகுவும், வழியில் வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்ட மோட்டார் சைக்கிள்காரர்கள் ஆறு பேரும். ஆளுக்கு ஆள் உயரம் ஒத்துவராததால் தோளில் வைக்காமல் கையால் பிடித்து இடுப்பளவில் கொண்டுபோனார்கள். அமோலோ முன்னால் நின்று காலடி எண்ணினாள். நூறு அடிக்கு ஒருமுறை கீழே வைத்தார்கள். நான் உகாலிக் களிக்கு மாவையும் பொரித்த ஒமெனா மீனையும் சுமந்துகொண்டு பின்னால் போனேன். செம்மண் சாலையில் ஒரு வீடு நடந்து போகிறது என்றால் ஊர் சும்மா இருக்குமா. சந்தைக்குப் போன பெண்கள் கூடையோடு திரும்பிவிட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் ஏற்காமல் இருக்கிற கைம்பெண்கள் எத்தனை பேர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒருத்தி விடாமல் பின்னால் வந்தார்கள்.

வளவு வாசலில் வீடு நின்றுபோனது. சுவர் ஏழடிதான், நுழைந்துவிடும். இறவாணம் இருபக்கமும் ஓரடி தள்ளிக்கொண்டு நின்றது. வாசலின் இருபுறமும் கள்ளி மரம், இரண்டு ஆள் உயரம். இறவாணம் நேராகப் போய்க் கள்ளிக் கிளையில் இடித்தது. பால் சிந்தி ஒருவன் கண்ணில் பட்டு, அவன் அலறிக்கொண்டு தண்ணீருக்கு ஓடினான். வாசலை மூன்று தடவை அளந்தவள் கூரையைப் போட்ட பிறகு ஒருதடவைகூட அளக்கவில்லை.

ஒடின்டோ வாசலுக்குள்ளே கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"கள்ளியில கத்தி படக்கூடாது. அது என் அண்ணன் நட்டது," என்றான். "கூரையைக் கழட்டி உள்ள வந்து மாட்டுறதா இருந்தா, அதுக்குப் பேரு வீடு கட்டுறதுதான். அப்புறம் நான் பாத்துட்டு நிக்க மாட்டேன்."

அவன் சொன்னது நியாயம்தான். அமோலோ கள்ளியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். அவள் முகம் மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஓடிவந்த நாளில் இருந்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது கையைக் கட்டிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் குனிந்து ஒரு கம்பின் முனையைப் பிடித்தாள்.

"தலைக்கு மேல தூக்குறோம்," என்றாள். "இறவாணம் கள்ளிக்கு மேல போயிடும். முதல்ல முழங்கால், அப்புறம் தோள், அப்புறம் கை. நான் சொல்றப்ப மட்டும். குட்டையா இருக்கறவங்க நடுவுக்கு வாங்க, உயரமா இருக்கறவங்க ஓரத்துக்குப் போங்க. ஒயோகோ, பின் மூலை உன்னுது."

தூக்கினார்கள். தோள்வரைக்கும் எளிதாக வந்தது. அங்கிருந்து கைக்கு ஏற்றும்போது நாற்பத்தெட்டு பேர் தொண்டையிலிருந்தும் ஒரே சத்தம் வந்தது. வீடு மேலே போனது. இறவாணம் கள்ளித் தலையைத் தடவிக்கொண்டு நகர்ந்தது. பாதி தாண்டும்போது சேற்றில் யாரோ வழுக்கினார்கள். முன் இடது மூலை சரிந்தது. அந்த மூலைக்குக் கீழே நின்றது அமோலோ.

ஒடின்டோ என்ன நினைத்தான் என்று தெரியாது. நினைத்திருக்கவும் மாட்டான். பாய்ந்து வந்து தோளைக் கொடுத்தான். கள்ளிப்பால் கோட்டு முழுக்க ஒழுகியது. "தள்ளிப் போடி, நசுங்கிச் செத்தா உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று அவளை அதட்டிக்கொண்டே அந்த மூலையைச் சுமந்தான். அமோலோ நகரவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து உள்ளே கொண்டுபோனார்கள். ஆறு கல்லின்மேல் வீடு உட்கார்ந்தது. அசையவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹாரனை அடித்தார்கள்.

அப்புறம்தான் பெரியவர் ஞாக்வாகா வந்தார். எல்லாரும் விலகி வழிவிட்டோம். அவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து அடியில் கைத்தடியை விட்டு, இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுத்தார்.

"குழி தோண்டினீங்களா?"

"இல்ல தாத்தா," என்றாள் அமோலோ.

"கம்பு நட்டீங்களா?"

"இல்ல."

"இங்க ஆணி அடிச்சது யாரு?"

"யாரும் அடிக்கல. எல்லாம் பட்டறையிலயே முடிஞ்சுது."

"நாளைக்கே வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போகலாமா?"

"போகலாம். ஆனா சாப்பிட்டுட்டுத்தான்," என்றான் ஒயோகோ பின்னாலிருந்து.

பெரியவர் கதவைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்து மூடினார். அவருக்குக் கதவு பிடித்துப்போனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒடின்டோவைத் திரும்பிப் பார்த்தார். அவன் கோட்டில் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வீடுன்னா மண்ணுக்குள்ள கால் இருக்கணும்," என்றார் ஞாக்வாகா. "இது கால் மண்ணுக்கு வெளிய இருக்கு. கதவு இருக்கு. சாமான் வைக்கலாம். அலெகோக்காரி ஒரு அலமாரி வாங்கியிருக்கா. பொம்பளை அலமாரி வாங்குறதுக்கு எவன்டா குலத்தைக் கூட்டுவான்?"

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் வளவே அதிர்ந்தது. கைம்பெண்கள் லேசோவை அவிழ்த்துத் தலைக்கு மேல் சுழற்றிக் குலவையிட்டார்கள். ஒடின்டோ சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். என் காதருகில் ஒருத்தி, இந்த மாதிரி அலமாரி செய்ய எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டாள். அந்தச் சின்னப் பொண்ணைக் கேள் என்றேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது.

அலெகோக்காரி மட்டும் எட்ட நின்றாள். எல்லாரும் அவளைத்தான் பார்த்தோம். அவள் மெதுவாக வந்து பலகையில் ஒரு காலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு பழைய வீட்டுக்குள் போய் ஒரு பாயை எடுத்துக்கொண்டு வந்து, மகளைப் பார்க்காமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாங்கள் காத்திருந்தோம். குலவை நின்றது. ஷிகுகு நகத்தைக் கடித்தார். நான் அடுப்பு மூட்டி உகாலி கிண்டி முடித்துவிட்டேன், கதவு திறக்கவில்லை. மூன்று மணிக்கு ஏரிப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து ஒரே கொட்டாகக் கொட்டியது. பிள்ளைகள் தட்டோடு இறவாணத்துக்குக் கீழே ஒண்டினார்கள், ஒடின்டோவும் அவர்களோடு ஒண்டினான். தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. அமோலோவுக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தட்டினாள்.

"அம்மா, என்ன பண்றே உள்ளே? ஒழுகுதா?"

மறுபடியும் பலமாகத் தட்டினாள்.

"அம்மா."

"ஏன்டி கத்துறே?" என்று உள்ளேயிருந்து ஒரு தூக்கக் குரல் வந்தது. "தூங்குறேன்ல. போங்க எல்லாரும்."